பள்ளி நேரத்தில் கைபேசி எங்கே இருக்க வேண்டும்?

பள்ளி நேரத்தில் மாணவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது என்ற விதி இன்று ஏதாவது ஒரு வடிவில் பல நாடுகளில் நடப்புக்கு வந்துவிட்டது. 2023 இறுதியில் உலகின் 60 கல்வி அமைப்புகள் சட்டத்தின் வழியாகவோ அரசுக் கொள்கையின் வழியாகவோ இதைக் கொண்டுவந்திருந்தன. 2024 இறுதியில் அந்த எண்ணிக்கை 79 ஆனது. இது யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கைக் குழு எடுத்த கணக்கு. 79 என்பது கணக்கில் வந்த அமைப்புகளில் ஐந்தில் இரண்டு பங்கு. அதன் பிறகு பிரேசில், தென் கொரியா போன்ற பெரிய நாடுகளும் சேர்ந்துகொண்டன. பிரேசிலின் இடதுசாரி அதிபர் லூலாவும் அமெரிக்காவின் புளோரிடாவை ஆளும் வலதுசாரிகளும் ஒரே பக்கம் நிற்கும் அரிதான விஷயங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு எளிதாக எல்லோரும் ஒத்துப்போகும் ஒரு விதி, நடைமுறையில் எங்கே பிடி நழுவுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

‘தடை’ என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும் அது நான்கு வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறது. முதலாவது, பாடம் நடக்கும்போது மட்டும் கைபேசியைத் தொடக் கூடாது, இடைவேளையில் தொடலாம். இரண்டாவது, நாள் முழுக்க அணைத்துப் புத்தகப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். மூன்றாவது, காலையில் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்காவது, பள்ளிக்கே கொண்டுவரக் கூடாது. அறிவிப்புப் பலகையில் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். வகுப்பறையில் அப்படி இல்லை. பையில் அணைத்து வைத்திருக்கும் கைபேசி எட்டு அங்குல தூரத்தில் இருக்கிறது. அலுவலகப் பீரோவில் பூட்டியிருப்பது, பள்ளி நடக்கும் ஏழு மணி நேரத்துக்கு இல்லாததற்குச் சமம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் ‘பிசா’ தேர்வின் 2022 சுற்றில் மாணவர்களிடமே இதைக் கேட்டார்கள். கைபேசிக்குத் தடை உள்ள பள்ளிகளில் படிப்பவர்களிலேயே 29 சதவீதத்தினர், பள்ளியில் ஒரு நாளைக்குப் பல முறை அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். விதி இருந்தும் கைபேசி கையருகே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் தேவையில்லை.

இந்த வரலாற்றில் மிகத் தெளிவான பாடம் நியூயார்க் நகரத்துடையது. அந்நகரின் அரசுப் பள்ளிகளில் தகவல்தொடர்புச் சாதனங்களுக்கான தடை 1980-களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அன்றைக்கு அது ‘பேஜர்’ கருவிகளைக் குறிவைத்தது. போதைப்பொருள் விற்பவர்கள் கையில் இருந்த கருவி என்பது அதன் பெயர். கைபேசி பரவிய பிறகு பழைய தடை அதன் மீதும் விழுந்தது. 2006-இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் நிர்வாகம் பள்ளி வாசல்களில் திடீர் சோதனைகளைத் தொடங்கியது. ஆயுதங்களைத் தேடி வைத்த மெட்டல் டிடெக்டர்களில் மாட்டியவை பெரும்பாலும் கைபேசிகள். பெற்றோர் கொதித்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் பல மணி நேரம் தவித்த நகரம் அது. பெற்றோர் சிலர் வழக்கும் தொடுத்தார்கள். விதி வகுக்கும் அதிகாரம் கல்வித் துறைக்கு உண்டு என்று நீதிமன்றம் 2007-இல் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

நீதிமன்றத்தில் வென்ற தடை தெருவில் வேறு வடிவம் எடுத்தது. பள்ளிகள் கைபேசியை உள்ளே விடவில்லை. வாங்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டிலிருந்து சுரங்க ரயிலில் ஒரு மணி நேரம் வரும் மாணவர் அதை எங்கேதான் வைப்பார்? சில தனியார்கள் வேன்களைக் கொண்டுவந்து பள்ளிக்கு அருகே நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கு ஒரு டாலர். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குவதுபோல, மாணவர்கள் காலையில் வரிசையில் நின்று கைபேசியைக் கொடுத்து வில்லை வாங்கினார்கள். மாலையில் மறுபடி வரிசை. முனையில் இருந்த பெட்டிக்கடைகளும் இந்த வியாபாரத்தில் இறங்கின. ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்றால் 180 டாலர். அதைக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். மெட்டல் டிடெக்டர் நிரந்தரமாக இருந்தது நகரின் ஒரு சிறு பகுதிப் பள்ளிகளில் மட்டும். அவை பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்தவை. டிடெக்டர் இல்லாத பள்ளிகளில், வெளியே எடுக்காத வரை யாரும் கேட்கவில்லை. ஒரே நகரம், ஒரே விதி. வசதியானவர் பிள்ளைக்கு அது காகிதத்தில் இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு அன்றாடம் ஒரு டாலர் செலவு. 2012-இல் பிராங்க்ஸ் பகுதியில் அப்படியொரு வேனைத் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்தார்கள். சுமார் 200 மாணவர்களின் கைபேசிகள் போயின.

அடுத்து வந்த மேயர் பில் டி பிளாசியோ 2015 மார்ச்சில் தடையை நீக்கினார். தன் மகனே பள்ளிக்குக் கைபேசி கொண்டுபோகிறான் என்பதை அவர் மறைக்கவில்லை. பள்ளிகளே தங்கள் விதியை வகுத்துக்கொள்ளலாம் என்றானது. பத்தாண்டு கழித்துச் சக்கரம் திரும்பியது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் 2025 மே மாதம் கையெழுத்திட்ட மாநிலச் சட்டம், முதல் மணி முதல் கடைசி மணி வரை, இடைவேளையும் உணவு நேரமும் உட்பட, இணைய வசதியுள்ள கைபேசிகளை விலக்கியது. பழைய தடையிலிருந்து கற்றுக்கொண்டது அந்தச் சட்டத்தின் உட்பிரிவுகளில் தெரிகிறது. வைக்கும் இடத்துக்கான பைகள், அடுக்குகள் வாங்க மாநிலம் 1 கோடியே 35 லட்சம் டாலர் ஒதுக்கியது. பிள்ளையைப் பகலில் தொடர்புகொள்ளப் பெற்றோருக்கு ஒரு வழியைப் பள்ளி ஏற்படுத்தித் தர வேண்டும். மருத்துவத் தேவை, மாற்றுத்திறன், மொழிபெயர்ப்புத் தேவை, வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கைபேசி எடுத்தான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவனை இடைநீக்கம் செய்ய முடியாது. தண்டனை எந்தப் பிரிவினர் மீது அதிகம் விழுகிறது என்ற கணக்கையும் பள்ளி மாவட்டங்கள் வெளியிட வேண்டும். 2006-இன் விதி கைபேசியை வாசலுக்கு வெளியே தள்ளியதோடு கை கழுவியது. 2025-இன் விதி அதை எங்கே வைப்பது, யார் செலவில் வைப்பது என்று யோசித்த பிறகு எழுதப்பட்டது.

பிரான்ஸும் இதே பாடத்தை மெல்லக் கற்றது. 2010-இல் வந்த சட்டம் பாடவேளையில் மட்டும் கைபேசியைத் தடுத்தது. எம்மானுவேல் மக்ரோன் தேர்தலில் வாக்குறுதியாகத் தந்ததை 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சட்டம் நிறைவேற்றியது: தொடக்கப் பள்ளிகளிலும், சுமார் 15 வயது வரை படிக்கும் நடுநிலைப் பள்ளிகளிலும் விளையாட்டு மைதானம் உட்பட எங்கும் பயன்பாடு கூடாது. ஆனால், சட்டம் தடுத்தது பயன்பாட்டைத்தான். கைபேசியை மாணவர் வைத்திருப்பதை அல்ல. அது பையில் அணைக்கப்பட்டுக் கிடந்தது அல்லது அணைக்கப்பட்டதாக நம்பப்பட்டது. கழிப்பறை என்பது எந்த ஆசிரியரும் கண்காணிக்க முடியாத இடம் என்பதை எல்லா நாட்டு மாணவர்களும் அறிவார்கள். எனவே, 2024 செப்டம்பரில் சுமார் 200 நடுநிலைப் பள்ளிகளில் ‘டிஜிட்டல் இடைநிறுத்தம்’ என்ற சோதனை தொடங்கியது. வந்தவுடன் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும், போகும்போது வாங்கிக்கொள்ளலாம். ஆறு ஆண்டுகளாகச் சட்டம் இருந்த நாடு, அதைச் செயல்படுத்த ஓர் அலமாரி வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மற்ற நாடுகளின் கதைகள் பெரிதும் இதே தடத்தில் செல்பவை. சீனாவின் கல்வி அமைச்சகம் 2021 பிப்ரவரியில், பெற்றோரின் எழுத்துபூர்வ வேண்டுகோள் இல்லாமல் கைபேசி பள்ளிக்குள் வரக் கூடாது என்றது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2020-இல் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸின் உயர்நிலைப் பள்ளிகள் 2023 அக்டோபரில் சேர்ந்தன. நெதர்லாந்து சட்டம் இயற்றாமல், பள்ளிகளோடும் பெற்றோர் அமைப்புகளோடும் பேசி உடன்பாடு கண்டு, 2024 ஜனவரி 1 முதல் மேல்நிலை வகுப்பறைகளிலிருந்து கைபேசியை விலக்கியது. நியூசிலாந்தில் அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் தடை வந்தது. பிரேசிலின் சட்டம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. தென் கொரிய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றிய சட்டம் 2026 மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டுக்கானது. அந்த நாட்டின் மனித உரிமை ஆணையம், மாணவரிடமிருந்து கைபேசியை வாங்கி வைப்பது உரிமை மீறல் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்து, 2024-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

தடைக்கான முதல் காரணம் கவனம். ‘பிசா’ 2022-இல் கலந்துகொண்ட வளர்ந்த நாடுகளின் சராசரியை எடுத்தால், 65 சதவீத மாணவர்கள் சில கணித வகுப்புகளிலாவது தங்கள் மின்னணுச் சாதனத்தால் கவனம் சிதறியதாகச் சொன்னார்கள். 59 சதவீதத்தினர் அடுத்தவர் சாதனத்தால் சிதறியதாகச் சொன்னார்கள். இரண்டாவது எண்தான் கூடுதல் எடை கொண்டது. கைபேசி வைத்திருக்காத பிள்ளையின் கவனத்தையும் பக்கத்து பெஞ்சில் ஓடும் காணொளி பறிக்கிறது. ‘என் பிள்ளை கட்டுப்பாடாக இருப்பான்’ என்று பெற்றோர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது வகுப்பறைக்குப் போதாது. அடுத்தவர் சாதனத்தால் சிதறியவர்கள், குடும்ப வசதி வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும், கணிதத்தில் 15 புள்ளிகள் குறைவாக எடுத்தார்கள். இதில் எது காரணம், எது விளைவு என்று ஒரு தேர்வின் புள்ளிவிவரம் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கணிதம் பிடிக்காதவர் அக்கம்பக்கம் பார்ப்பதும் இயல்பு.

காரணத்தையும் விளைவையும் பிரிக்க முயன்ற ஆய்வுகள் சில உண்டு. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பெலாண்ட், மர்பி என்ற இரு பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்டது. லண்டன், மான்செஸ்டர், பர்மிங்காம், லெஸ்டர் நகரங்களின் 91 பள்ளிகள், வெவ்வேறு ஆண்டுகளில் தடையைக் கொண்டுவந்திருந்தன. தடைக்கு முன்னும் பின்னும் 16 வயதில் எழுதும் தேர்வின் மதிப்பெண்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். சராசரியில் சிறிய முன்னேற்றம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாடம் நடத்தினால் கிடைப்பதற்கு ஒப்பானது. உள்ளே பிரித்துப் பார்த்தால், நன்றாகப் படிக்கும் மாணவரிடம் எந்த மாற்றமும் இல்லை. கடைசி வரிசையில் இருந்தவர்களிடம் சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட முன்னேற்றம். செலவே இல்லாமல் பின்தங்கியவரைத் தூக்கிவிடும் வழி என்று அரசுகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஒன்றை மட்டும் அவை சொல்வதில்லை: அந்த ஆய்வின் தரவுகள் 2000-களைச் சேர்ந்தவை. அன்றைய மாணவர் கையில் இருந்தது பெரும்பாலும் குறுஞ்செய்தி அனுப்பும் பட்டன் கைபேசி. அதே முறையில் ஸ்வீடனில் செய்து, 2020-இல் வெளியான ஆய்வு, எந்த விளைவையும் காணவில்லை.

நார்வேயின் நடுநிலைப் பள்ளிகளைப் பற்றி சாரா ஆப்ரஹாம்சன் 2024-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகையில் கவனத்துக்குரியது. தடை வந்த பள்ளிகளில் மனநலச் சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவரை நாடிய மாணவிகளின் எண்ணிக்கை குறைந்தது. மாணவர், மாணவியர் இருபாலாரிடமும் கேலி, கொடுமை குறைந்தது. மாணவிகளின் மதிப்பெண் சற்று உயர்ந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. ஸ்பெயினின் கலீசியா, காஸ்தியா-லா மான்சா மாநிலங்களில் தடைக்குப் பிறகு பள்ளிக் கொடுமைகள் குறைந்ததாக இன்னோர் ஆய்வு காட்டியது. நெதர்லாந்து அரசு கேட்டு 2025-இல் வெளியான அறிக்கையில், மேல்நிலைப் பள்ளிகளில் நான்கில் மூன்று பங்கு, மாணவர் கவனம் மேம்பட்டதாகச் சொன்னது. பள்ளிச் சூழல் நன்றாகிவிட்டது என்றவை அதைவிடக் குறைவு. மதிப்பெண் கூடியது என்றவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இவை பள்ளி நிர்வாகத்தினரின் கருத்து, அளவீடு அல்ல. இருந்தாலும் அந்த இறங்குமுகம் நம்பத் தக்கதாகவே இருக்கிறது: வகுப்பின் அமைதி முதலில் வரும், மதிப்பெண் கடைசியில் வரும், வராமலும் போகலாம்.

மனநலத்தைக் காரணம் காட்டித் தடையைக் கொண்டுவருவோர் படிக்க வேண்டியது, பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு 2025-இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தின் 30 பள்ளிகளைச் சேர்ந்த 1,227 மாணவர்களை எடுத்துக்கொண்டு, கைபேசியைக் கட்டுப்படுத்தும் பள்ளிகளையும் அனுமதிக்கும் பள்ளிகளையும் அது ஒப்பிட்டது. மனநலம், பதற்றம், தூக்கம், உடற்பயிற்சி, ஆங்கிலம்-கணிதத் தேர்ச்சி எதிலும் வேறுபாடு இல்லை. கட்டுப்பாடுள்ள பள்ளி மாணவர்கள் பள்ளி நேரத்தில் சுமார் 40 நிமிடம் குறைவாகக் கைபேசி பார்த்தார்கள். ஆனால், முழு நாளின் மொத்தத்தில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பகலில் விட்டதை மாலையில் பிடித்துவிடுகிறார்கள். அதே ஆய்வில், மொத்த நேரம் கூடக் கூட மனநலமும் தூக்கமும் மோசமாவதும் தெரிந்தது. ஆக, பள்ளியின் தடை பள்ளி நேரத்தை மாற்றும்; வீட்டின் இரவு பத்து மணியை மாற்றாது. இந்த ஆய்வைத் தடைக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அது சரியான வாசிப்பு ஆகாது. ஆறேழு மணி நேரம் சலனமில்லாமல் பாடம் நடக்கிறது என்பதே ஒரு விதி வைத்துக்கொள்ளப் போதுமான காரணம். பிள்ளைகளின் மனச்சோர்வைத் தீர்க்கும் மருந்தாக அதை விற்பதுதான் தவறு.

புளோரிடா, 2023-இல் பாடவேளையில் கைபேசிக்கு மாநிலம் தழுவிய தடையைக் கொண்டுவந்தது; அமெரிக்காவில் முதல் மாநிலம். அங்கே நாள் முழுக்கத் தடை விதித்த ஒரு பெரிய மாவட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2025-இல் கண்டது இது: முதல் ஆண்டில் இடைநீக்கங்கள் கூடின, குறிப்பாகக் கறுப்பின மாணவர்களிடையே. இரண்டாம் ஆண்டில் அந்த உயர்வு பெரிதும் அடங்கியது. தேர்வு மதிப்பெண்கள் சற்றுக் கூடின. காரணம் சொல்லாத விடுப்புகள் குறைந்தன. முதல் ஆண்டின் சண்டையைத் தாங்காத பள்ளி, இரண்டாம் ஆண்டின் பலனைப் பார்க்காது. அந்த முதல் ஆண்டுத் தண்டனைகள் யார் தலையில் விழுகின்றன என்பதைக் கவனிக்காத பள்ளியோ, நியூயார்க்கின் வேன் கதையை வேறு விதத்தில் திரும்ப நடத்திவிடும்.

தண்டனையைக் குறைக்க எளிய வழி, மீறும் வாய்ப்பைக் குறைப்பது. அதற்காகத்தான் பூட்டும் பைகள் வந்தன. 2014-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘யாண்டர்’ நிறுவனம் அவற்றை முதலில் இசைக் கச்சேரிகளுக்கும் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கும்தான் விற்றது. கெட்டியான துணியில் கைபேசி நுழையும் அளவுக்கு ஒரு பை. வாயில் காந்தப் பூட்டு. மாணவர் வாசலில் கைபேசியை உள்ளே போட்டு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பை அவரிடமே இருக்கும், திறக்கத்தான் முடியாது. மாலையில் சுவரில் பொருத்திய காந்த வட்டில் தட்டினால் திறக்கும். கைபேசி தொலைந்தால் பள்ளி பொறுப்பில்லை, பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்ற மனக்குறையும் இல்லை என்பது இதன் நன்மை. ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு 25 முதல் 30 டாலர் ஆகிறது. ஆனால், மாணவர்களின் மூளையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வீட்டில் கிடக்கும் செத்துப்போன பழைய கைபேசியைப் பைக்குள் போட்டு, நிஜமானதை இடுப்பில் செருகிக்கொள்வது முதல் உத்தி. இணையத்தில் வாங்கிய வலுவான காந்தம் இரண்டாவது. மேசை விளிம்பில் ஓங்கித் தட்டுவது மூன்றாவது. பையோ, வகுப்பறைச் சுவரில் எண் போட்ட துணி அறைகளோ, அலுவலக அலமாரியோ எதுவானாலும், காலையில் பத்து நிமிடம் ஒரு பெரியவர் வாசலில் நின்று பார்த்தால் வேலை செய்கிறது. நிற்கவில்லை என்றால் மூன்றாம் வாரமே கலைகிறது. வகுப்புக்கு வகுப்பு ஆசிரியர் தனித்தனியே போராட வேண்டிய ஏற்பாடு அதைவிட மோசம். கண்டிப்பான ஆசிரியர் கெட்டவராவார், கண்டுகொள்ளாதவர் நல்லவராவார்; விதி ஆசிரியர்களுக்குள்ளேயே பிளவாகிவிடும்.

பெற்றோரின் அச்சம் பெரும்பாலும் அவசர நேரம் பற்றியது. துப்பாக்கிச் சூடுகள் நிகழும் அமெரிக்காவில் இது வெறும் சாக்கு அல்ல. அப்படியான நேரத்தில் கைபேசியின் ஒலி ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்பே முடங்கும், ஆசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டிய நிமிடங்களில் கண் திரையில் இருக்கும் என்று பள்ளிப் பாதுகாப்பு ஆலோசகர்கள் பலர் சொல்கிறார்கள். இந்த வாதம் சரியானதே. ஆனாலும் பெற்றோர் மனம் இதனால் அடங்குவதில்லை. அலுவலகத் தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் இருந்தால் அடங்குகிறது. நடைமுறையில் பெரும்பாலான அழைப்புகள், சாப்பாட்டு டப்பாவை மறந்தது, இன்று யார் அழைத்துப்போக வருவது என்ற அளவில்தான் இருக்கின்றன.

விலக்குகள் தயவு அல்ல, தேவை. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் கையில் ஒட்டிய உணரி, ரத்தச் சர்க்கரை அளவைப் பெரும்பாலும் கைபேசிக்குத்தான் அனுப்புகிறது. அளவு சரிந்தால் அங்கேதான் எச்சரிக்கை ஒலிக்கும். அந்தக் கைபேசியைப் பூட்டி வைப்பது ஆபத்து. செவித்திறன் கருவியைக் கைபேசி வழியே இயக்கும் பிள்ளைகளும் உண்டு. பிரான்ஸ், பிரேசில், நியூயார்க் சட்டங்கள் எல்லாமே உடல்நலத்துக்கும் மாற்றுத்திறனுக்கும் இடம் விட்டிருக்கின்றன. தலைமையாசிரியரின் அன்றைய மனநிலைக்கு இதை விடக் கூடாது என்பதால்தான் அது சட்டத்தில் எழுதப்படுகிறது.

இந்தியாவில் நாடு தழுவிய சட்டம் இல்லை, சுற்றறிக்கைகள் உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-லேயே மாணவர் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்றும், வகுப்பறையில் ஆசிரியரும் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிவுறுத்தியது. டெல்லி கல்வி இயக்ககம் 2023 ஆகஸ்ட்டில் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவர் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி 2025-இல் பிறப்பித்த உத்தரவு, இதுவரை வந்தவற்றில் தெளிவானது. முழுத் தடை விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஒத்துவருவதும் அல்ல என்றது அது. இயன்ற பள்ளிகளில் காலையில் ஒப்படைத்து மாலையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். வகுப்பறையில் பயன்பாடு கூடாது. பள்ளி வளாகத்திலும் வாகனத்திலும் படம்பிடிப்பது, பதிவுசெய்வது கூடாது. மீறினால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பள்ளியே கற்றுத்தர வேண்டும் என்றது.

பள்ளி வாசலில் தடுப்பது இங்கே எளிது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் மாணவர் கைபேசி கொண்டுவருவதில்லை. சிக்கல் வாசலுக்கு வெளியே, அதுவும் பள்ளியே உண்டாக்கியது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட கருவி ஒரே மாதத்தில் பாடப் புத்தகமாக மாறியது. பள்ளிக் கல்வியின் நிலையை ஆராயும் ‘அசர்’ அமைப்பின் 2024 ஊரகக் கணக்கெடுப்பில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் சுமார் 90 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு அதைக் கையாளத் தெரிந்திருந்தது. அவர்களில், முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பள்ளிகள் திறந்த பிறகும் பல தனியார் பள்ளிகளில் வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே கைபேசி என்றால், அப்பா வேலையிலிருந்து திரும்பும் இரவு எட்டரை மணிக்குத்தான் நாளைய கணக்கு என்னவென்று பிள்ளைக்குத் தெரியும். பாடத்தைப் பார்க்கத் திறந்தது, ரீல்ஸில் போய் முடியும். நாள் முழுக்கக் கைபேசி வேண்டாம் என்று சொல்லும் பள்ளி, நாலரை மணிக்குப் பிறகு அதைக் கட்டாயமாக்குகிறது. வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி டைரியில் எடுத்துக்கொள்ளச் செய்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

ஆசிரியரின் கைபேசிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வருகைப் பதிவு ‘டிஎன்எஸ்இடி’ செயலியில் ஏறுகிறது. காலை முதல் பாடவேளையில், பிள்ளைகள் பார்த்திருக்க, ஆசிரியர் தன் சொந்தக் கைபேசியை எடுத்து, இணைப்பு கிடைக்கும் ஜன்னலோரம் நின்று பதிவேற்ற வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வரும் வேறு செய்திகளும் அதே திரையில்தான் விழும். ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் தளத்துக்கான தரவு வேலைகள் பாட நேரத்தைத் தின்கின்றன என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் குறை. வகுப்பறையில் ஆசிரியரும் கைபேசியை எடுக்கக் கூடாது என்றால், எடுக்காமல் நடக்காத வேலையைத் துறை அவரிடம் கொடுக்கக் கூடாது. வருகைப் பதிவைப் பள்ளிக்கு ஒரு கணினி வைத்து, அதற்கென ஓர் ஆளிடம் ஒப்படைக்கலாம்.

மேல்நிலை வகுப்புகளில் நிலைமை கொஞ்சம் வேறு. டவுனுக்குப் பேருந்தில் வந்து, பள்ளி முடிந்து டியூஷன் போய், இருட்டிய பிறகு திரும்பும் மாணவியிடம் கைபேசி இருக்க வேண்டும் என்று வீட்டில் நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. அவர் அதைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறார். பிடிபட்டால் பெற்றோரை வரச் சொல்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. டெல்லி நீதிமன்றம் சொன்ன ஒப்படைக்கும் ஏற்பாடு இவருக்குத்தான் தேவை. அதற்கு வேண்டியவை பூட்டுள்ள ஓர் அலமாரி, பெயரெழுதிய உறைகள், காலையும் மாலையும் கையெழுத்து வாங்க ஒரு பதிவேடு, தொலைந்தால் பொறுப்பு ஆசிரியருடையதல்ல, பள்ளியுடையது என்று துறை தரும் எழுத்துபூர்வமான உறுதி. கடைசியாகச் சொன்னது இல்லாமல் எந்த ஆசிரியரும் பிறர் வீட்டு இருபதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பொறுப்பேற்று வாங்கி வைக்க மாட்டார்.